பிடரி பார்த்து வாங்கிய செயின்

பஸ் டிப்போவில் நூற்றிநாற்பது ஆண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய முகம் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. பிடரி பிடிபடும். சாலையில் முன்னால் நடந்து போகிறவரின் காலருக்கு மேல் இரண்டு விரற்கடை தெரிந்தால் போதும். இவர் பதினேழாம் நம்பர் டிரைவர், போன மாதம் வேறு எங்கோ முடிவெட்டியிருக்கிறார், வெட்டினவருக்கு அன்றைக்கு என்னவோ அவசரம் என்று மூன்று சேதியைக் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நிதானமான மனுஷன். "நீ போலீஸ்ல சேர்ந்திருந்தா ஊர்ல ஒரு திருடன் மிஞ்சியிருக்க மாட்டான்" என்பார்.

கத்தி பிடிப்பதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு மாணவர் விடுதியின் சலவை அறையில் இஸ்திரி போட்டாள். ஆவியில் கை வெந்தது, இடுப்பு போனது. முப்பத்துமூன்று வயதில், இனி முடியாது என்று முடிதிருத்தும் பயிற்சியில் சேர்ந்தாள். பத்தொன்பது பேர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பழகிப் பார்க்க யாரும் தலை தரவில்லை. கணவர்தான் தந்தார். அந்த ஆறு வாரமும் அவர் தொப்பி போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார்; ஏன் என்று கேட்டவர்களுக்கு ஜலதோஷம் என்றார்.

டிப்போவுக்கு எதிரே ஒரு சின்ன அறையை எடுத்துக் கடை போட்டபோது, முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினாள். பெண்ணிடம் கழுத்தைக் கொடுக்க ஆண்களுக்குக் கூச்சம். கடைசியில் ஒரு டிரைவர் ஓடிவந்தார். பஸ் எடுக்கப் பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது, வேறு கடைக்குப் போக நேரமில்லை. பதினோராவது நிமிஷத்தில் அவரைத் தட்டி எழுப்பி அனுப்பினாள். ஆமாம், தூங்கியே போயிருந்தார். அன்று சாயங்காலமே மூன்று பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் உட்காரவே இல்லை.

அவளுடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேல்துணியைக் கட்டுவதற்கு முன் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாள் பட்டையை ஒட்டுவார்கள், முடி உள்ளே இறங்காமல் இருக்க. வேலை முடிந்து அந்தத் தாளை உரிக்கும்போது அதில் செயினின் ஜாதகமே இருக்கும். நல்ல செயின் என்றால் தாள் தாளாகவே வரும். மட்டமான முலாம் என்றால் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருங்கோடு, கொக்கி பட்ட இடத்தில் பாசி நிறத்தில் ஒரு பொட்டு. அவள் அதைப் பார்ப்பாள், கசக்குவாள், வாடிக்கையாளர் கண் திறப்பதற்குள் கூடையில் போடுவாள். மாமியார் போட்டது என்று ஒருவர் சொல்லுவார், ஓவர்டைமில் வாங்கின தங்கம் என்று இன்னொருவர். "நல்லா இருக்கு, போட்டுக்கங்க" என்பாள். அவ்வளவுதான்.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அக்கம்பக்கத்து வாடகை கேட்டதும் காது அடைத்தது. நல்ல வேளையாக அதே சமயம் டிப்போவின் புது மேனேஜர், டிரைவர்களின் ஓய்வறையிலேயே ஒரு முடிதிருத்தும் இடம் வைக்கலாம் என்று அறிவித்தார். இடமும் கண்ணாடியும் டிப்போ தரும், நாற்காலியை நாம் கொண்டுவர வேண்டும். இரண்டே பேர் விண்ணப்பித்தார்கள்: அவளும், மெயின் ரோட்டில் குளிர்சாதனம் போட்ட ஒரு சலூன்காரரும். எல்லாரும் அவளுக்குத்தான் என்று நினைத்தார்கள். அவளும்தான். கிடைத்தால் தொழில் நிற்கும். கிடைக்காவிட்டால் விடுதியின் சலவை அறை இன்னும் அங்கேயேதான் இருந்தது.

இந்த நேரம் பார்த்து டைம்கீப்பரின் செயின் சிவந்தது.

டைம்கீப்பர் என்றால் பஸ்களுக்கு நேரம் குறித்து அனுப்புகிறவர். இரண்டு மாதத்துக்கு முன் ஆன்லைனில் ஒரு தங்க முலாம் செயின் வாங்கினார். கவரிங் போட்டதை மறைக்கிற ரகம் இல்லை அவர். கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டோம் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற ரகம். நாலாயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், ஐந்து வருஷ உத்தரவாதம், தங்கத்துக்கும் இதற்கும் தட்டானுக்கே வித்தியாசம் தெரியாது என்று சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுத் திரிந்தார். ஒரு திங்கட்கிழமை அவளிடம் ஷேவிங் செய்துகொண்டார். வழக்கம்போல அவள் லோஷன் தடவினாள். செவ்வாய்க்கிழமை கொக்கிப் பக்கம் செம்பு நிறம் தெரிந்தது, கழுத்தைச் சுற்றித் தடித்து அரித்தது. புதன்கிழமை டிப்போவின் போன் குரூப்பில் படத்தோடு எழுதினார்: லோஷன் போட்டார்கள், செயினும் போச்சு, கழுத்தும் போச்சு, இவர்களை டிப்போவுக்குள் விட வேண்டுமா?

மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கண்ணியமாகத்தான் பேசினார். ஒருவருக்குத் தோல் தடித்திருக்கிறது, லோஷனில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தான் கையெழுத்துப் போட முடியாது, ஒன்றாம் தேதிக்குள் தெளிவு வேண்டும் என்றார். மூன்று வாரம் இருந்தது.

கடையில் அவளுக்குக் கூடமாட இருந்தது நாத்தனார். போன் எடுப்பது, நேரம் கொடுப்பது, சண்டைக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. விஷயத்தைக் கேட்டதும் குப்பைக் கூடையைத்தான் பார்த்தாள்.

"அண்ணி, அதே கொக்கி, அதே குட்டித் தகடு. டைம்கீப்பர் பேச்சைக் கேட்டு ஏழு பேர் அதே செயினை வாங்கிப் போட்டிருக்காங்க. ஏழு பேர் தாள்லயும் கோடு விழுது. நமக்குத் தெரியும். பேரைச் சொன்னா இன்னிக்கே முடிஞ்சுது."

"அந்த ஏழு பேரும் தங்கம்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"அதனால என்ன?"

"பேரைச் சொல்லி ஜெயிச்சிடலாம். அப்புறம் எவன் என்கிட்ட கழுத்தை நீட்டுவான்?"

அன்று முழுக்க நாத்தனார் சீப்புகளைத் தண்ணீரில் போடும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அவள் யோசித்து வைத்திருந்தது வேறு. அதே செயின் ஒன்று, நல்ல முலாம் செயின் ஒன்று. இரண்டையும் தன் லோஷனிலேயே ஊற வைத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்துவிடுவது. எது கெடுகிறது என்று கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதே செயின் வாங்குவது சுலபமாக முடிந்தது. நல்லதை வாங்குவதில்தான் வினை இருந்தது.

நாத்தனார் நட்சத்திரம் பார்த்தாள். நாலாயிரத்துக்குப் பதில் ஆறாயிரம் பேர் பாராட்டின ஒரு செயினை, வேறு கடை, வேறு பெயர், வெல்வெட் பெட்டியோடு வரவழைத்தாள். ஐந்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் அதே கொக்கி. அதே தகடு. முகர்ந்தால் சாவிக் கொத்தைப் பிடித்த கை மாதிரி அதே வாடை. பெட்டி மட்டும்தான் புதுசு. ஐந்து நாள் வீண். நாத்தனாருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவள் நாத்தனாரின் போனை வாங்கித் தானே பார்க்க ஆரம்பித்தாள். செயினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பழக்கதோஷத்தில் செயின் தொங்கின கழுத்தைத்தான் பார்த்தாள். ஒன்றைப் பெரிதாக்கினாள். இன்னொன்றைப் பெரிதாக்கினாள். முதலாவதற்குத் திரும்பி வந்தாள்.

"இந்தப் பிடரியை நான் இப்பதான் பார்த்தேன்."

"அவன் மாடல் அண்ணி. அவனை எங்க பார்த்தீங்க?"

"மூஞ்சி இல்லடி, பிடரி. இடது காதுக்குக் கீழ மச்சம். அதுக்குப் பக்கத்துல மெஷின் தவறி ஒரு படி மேல ஏறியிருக்கு பாரு. வெட்டினவன் அதை மறைக்க வலது பக்கமும் ஏத்தியிருக்கான். இப்ப இந்தக் கடையைப் பாரு."

நாத்தனார் பார்த்தாள். இங்கே சட்டை நீலம், அங்கே வெள்ளை, இன்னொரு கடையில் சட்டையே இல்லை. மச்சம் அதே மச்சம், படி அதே படி. தேடத் தேட ஆறு கடையில் அதே ஆள் நின்றான். டைம்கீப்பர் வாங்கின கடையும் வெல்வெட் பெட்டிக் கடையும் அதில் இருந்தன. யாரோ ஒருவன் எப்போதோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, ஒரே மூட்டையிலிருந்து வந்த சரக்கை ஆறு பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரங்களும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் பாராட்டியவர்கள் பார்சல் பிரித்த அன்றைக்கே பாராட்டியிருந்தார்கள். பிரித்த அன்றைக்கு எந்தச் செயின்தான் மின்னாது?

நாத்தனார் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற ஆள் உள்ளே வரலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தன் சரக்கைத் தானே படம் எடுத்த கடை எது என்று தேடினார்கள். கொக்கியைக் கிட்டத்தில், பின்பக்கத்தை, பக்கத்தில் அளவுகோல் வைத்துக் காட்டின கடைகள் மூன்றுதான் தேறின. எடை கிராமில் போட்டிருக்கிறதா, திருப்பி அனுப்ப முகவரி இருக்கிறதா என்று பார்த்ததில் ஒன்று கழன்றது. மிச்சம் இரண்டு கடைக்கும், அந்த ஆறு கடைக்கும் சேர்த்தே நாத்தனார் ஒரே கேள்வியை அனுப்பினாள்: உள்ளே என்ன உலோகம், மேலே முலாம் எத்தனை மைக்ரான் கனம்? ஆறு கடையும் 'பிரீமியம் குவாலிட்டி' என்று பூப்படம் போட்டுப் பதில் அனுப்பின. ஒரு கடை பதிலே போடவில்லை. ஒன்று மட்டும் இரண்டு வரி எழுதியது. உள்ளே துருப்பிடிக்காத ஸ்டீல், மேலே ஒரு மைக்ரான் முலாம். குளிக்கும்போது கழற்றி வையுங்கள், ஆயுசுக்கும் வரும் என்று சொல்ல மாட்டோம்.

"ஆயுசுக்கும் வரும்னு சொல்லாதவன்தான் நம்ம ஆளு" என்றாள் அவள்.

இருந்தாலும் வாங்கினவர்கள் போட்ட படங்களையும் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். ஒருவர் வாங்கிய அன்று ஒரு படமும், ஆறு மாதம் கழித்து என்று ஒரு படமும் போட்டிருந்தார். ஆறு மாதம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றாள் நாத்தனார். அவள் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதல் படத்தில் பக்கவாட்டு முடி ஒட்ட வெட்டியிருந்தது. இரண்டாவதில் அது முழுக்க வளர்ந்து, கீழே சதுரமாக வெட்டின பிடரி. அந்த நீளம் வளர நாலு மாதமாவது வேண்டும், நடுவில் முடிவெட்டுகிற ஆளையும் மாற்றியிருக்கிறார் என்றாள். செயின் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருந்தது. வாங்கு என்றாள்.

செயின் வந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்துக் கணவர் கட்டரோடு உட்கார்ந்தார். டைம்கீப்பரின் ரகத்தை நறுக்கென்று இரண்டாக வெட்டினார். வெட்டின வாயில் செக்கச் செவேல் என்று செம்பு தெரிந்தது. "இது செயின் இல்லம்மா, ஒயரு" என்றார். நல்லதை வெட்டக் கட்டரை இரண்டு கையாலும் அமுக்க வேண்டியிருந்தது. உள்ளே வெள்ளையாக ஸ்டீல். வெட்டின நுனிகள் நனையாமல் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் டைம்கீப்பர் அதைச் சொல்லியே தப்பித்துவிடுவார் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

நாலு கண்ணாடிக் குவளைகள் கடையின் ஜன்னல் பலகையில் ஏறின. இரண்டில் லோஷன், இரண்டில் உப்புத் தண்ணீர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு குவளையில் நல்லதில் பாதி, மற்றதில் கெட்டதில் பாதி. நாத்தனார் பெரிய எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினாள். ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

இரண்டாம் நாளே கெட்ட செயின் கிடந்த உப்புத் தண்ணீர் பாசி படிந்த தொட்டி மாதிரி ஆனது. மூன்றாம் நாள் லோஷனில் கிடந்த கெட்டதும் கறுக்க ஆரம்பித்தது. நல்ல செயினின் இரண்டு பாதியும் அப்படியே மின்னின. டிப்போவிலிருந்து டீ குடிக்கப் போகிறவர்கள் ஜன்னலில் நின்றார்கள். பஸ்கள் அந்த இடத்தில் மட்டும் காரணமில்லாமல் மெதுவாகப் போயின. சந்தேகமே வேண்டாம், நாலாவது குவளையில் மீன் பிடிக்கலாம் என்றார் ஒருவர்.

அந்த ஏழு பேரும் வந்தார்கள், தனித்தனியாக. ஜன்னலைப் பார்க்கும்போது எல்லார் கையும் தானாகக் காலருக்குப் போனதை அவள் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தாள். அதில் ஒருவர் ஷேவிங் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அந்த நல்ல செயின் வாங்கின கடை எதுன்னு சொல்றீங்களா? எனக்கில்ல. என் தம்பிக்கு."

சொன்னாள். மறுநாள் இன்னொருவர் தன் தம்பிக்காகக் கேட்டார். வாரம் முடிவதற்குள் ஐந்து தம்பிகளுக்குச் செயின் தேவைப்பட்டது. டிப்போவில் இத்தனை பேருக்குத் தம்பி இருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே என்று நாத்தனார் ஆச்சரியப்பட்டாள்.

ஒன்றாம் தேதி மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், குவளைகளை ஒரு தட்டில் வைத்து ஓய்வறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மேனேஜர் டீ மேஜையை ஒதுக்கித் தந்தார். நாலு குவளையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டைம்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"உப்புத் தண்ணில யாரு செயினை ஊறப் போடுவா?" என்றார்.

"நீங்கதான் சார். வேர்வை வேற என்ன?" என்றாள் அவள்.

அறை சிரித்தது. டைம்கீப்பருக்குக் காது சிவந்தது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. எத்தனையோ நல்ல பீஸுக்கு நடுவில் ஒன்றிரண்டு கெட்டதும் வரத்தான் வரும், இவர்கள் கையில் அது கிடைத்திருக்கும் என்றார். "அதே செயினை வேற யாராவது போட்டிருந்தா இந்நேரம் சொல்லியிருக்க மாட்டாங்களா? ஒருத்தர் சொல்லட்டும், நான் எழுதினதை அழிச்சிடறேன்."

நாத்தனார் முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள். மேனேஜர் அவளைப் பார்த்தார்.

"நீங்க எல்லார் கழுத்தையும் பார்க்கறவங்க. வேற யாராவது இதே செயின் போட்டிருக்காங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

ஏழு பிடரிகள் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. ஒரே ஒரு பெயர் போதும். கடையும் கத்தியும் பிழைக்கும். சலவை அறையின் ஆவி ஒரு நிமிஷம் அவள் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"தெரியும் சார்" என்றாள். "சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா நான் எப்படி முடிவெடுக்கறது?"

"அது உங்க இஷ்டம் சார். நாற்காலில உட்கார்றவங்க என்னை நம்பிக் கண்ணை மூடறாங்க. அதை நான் வெளில எடுத்துட்டு வர முடியாது."

மேனேஜர் பேனாவை மூடினார். நாத்தனார் தட்டைத் தூக்கப் போனாள்.

அப்போது நடு வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்தவர் டிப்போவிலேயே மூத்த டிரைவர், தொண்டை பெரிசு என்பதால் எல்லாரும் ஹாரன் அண்ணன் என்பார்கள். அன்றைக்கு அவர் சத்தமே போடவில்லை. மேஜைக்கு நடந்து வந்தார். காலர் பட்டனைக் கழற்றினார். பின்னங்கழுத்தில் கையை விட்டுக் கொக்கியை அவிழ்த்து, செயினைக் குவளைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். கொக்கியை ஒட்டி விரல் நீளத்துக்குச் செம்பு.

"ரெண்டு மாசமா தங்கம்னு சொல்லிட்டுத் திரியறேன்" என்றார். "வீட்டுலயும்தான். டைம்கீப்பர், இதையும் கேட்டுக்க. அக்காகிட்ட நான் முடி மட்டும்தான் வெட்டிக்கறேன். ஷேவிங் வீட்டுல. அவங்க லோஷன் ஒரு சொட்டு என் கழுத்துல பட்டதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. பதினேழாம் நம்பர் எழுந்தார். அவர் செயினும் மேஜைக்கு வந்தது. அப்புறம் தம்பிக்காகக் கேட்டவர்கள் ஒவ்வொருவராக. கடைசி ஆள் தன் செயினை வைத்துவிட்டு, "எனக்குத் தம்பியே கிடையாது அக்கா" என்று சொன்னபோதுதான் அறை வெடித்தது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஏழு செயின், ஏழும் ஒரே இடத்தில் சிவப்பு. மேனேஜரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அவர் தன் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டதை அவள் மட்டும்தான் பார்த்தாள். அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டைம்கீப்பர் சுவரோரத்திலேயே போனை எடுத்து எழுதினதை அழித்தார். மேஜைக்கு வந்து தன் செயினையும் எட்டாவதாக வைத்தார். அவள் அவரிடம் ஜெயித்த பேச்சு எதுவும் பேசவில்லை. கழுத்துத் தடிப்பை டாக்டரிடம் காட்டுங்கள், ஆறும்வரை நான் கத்தி வைக்க மாட்டேன், லோஷனும் கிடையாது என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து எட்டு செயினையும் வரிசையாகப் படம் எடுத்து, ஒரே பிடரி நிற்கிற ஆறு படத்தையும் சேர்த்து விற்பனைத் தளத்துக்குப் புகார் அனுப்பினாள். நாலாம் நாள் அந்த ஆறு கடையும் தளத்தில் இல்லை. எட்டுப் பேருக்கும் பணம் திரும்பியது.

மேனேஜர் அன்றைக்கே, அந்த மேஜையிலேயே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே குடிபோனாள். நாற்காலி இரும்பு, ஒரு ஆளைவிடக் கனம். வண்டி பிடிக்கலாம் என்றார் கணவர். ஹாரன் அண்ணனும் இன்னும் மூன்று டிரைவர்களும் அதெல்லாம் வேண்டாம் என்று ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிவிட்டார்கள். முன்னால் நாத்தனார் கண்ணாடிச் சாமான்களோடு, பின்னால் அவள் கத்திப் பெட்டியோடு. சாலை நடுவில் போனபோது நாற்காலி சுழன்றது. உட்கார ஆளில்லாத ராஜா மாதிரி நாலு பக்கமும் பார்த்தது.

டிப்போ வாசலில் மூன்று பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு நிமிஷம் தாமதமானாலும் பேர் எழுதுகிற டைம்கீப்பர் சாலையின் குறுக்கே கையை நீட்டி நின்றுகொண்டிருந்தார். முதல் பஸ் டிரைவர் தலையை நீட்டி, நேரமாகுது சார் என்றார்.

"ஆகட்டும்" என்றார் டைம்கீப்பர். "அக்கா முதல்ல உள்ள போகட்டும்."

பதிவேட்டைத் திறந்து, இரண்டு இருபது வண்டி மூன்று நிமிஷம் தாமதம் என்று குறித்தார். காரணம் என்ற கட்டத்தில் 'நாற்காலி வருகை' என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.